கார்ப்பரேட்டர் இல்லாத வண்டி

ஷெட்டிலிருந்து மறுபடியும் அந்த இழுவைச் சத்தம் வந்தது. எஞ்சின் நாலைந்து தடவை முனகிவிட்டு நின்றுபோனது. அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்த ஜயஸ்ரீயின் கை அப்படியே நின்றது. அப்பா பராசரன் கண்ணைத் திறக்கவில்லை.

"பிடிச்சுதா?"

"இன்னும் இல்லைப்பா. ஜனா பாத்துண்டிருக்கான்."

காலையில் வந்த டாக்டர், சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்து மணிக்கு அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. கோயில் தீர்த்தம் கேட்பார் என்று அம்மா வெள்ளிக் கிண்ணத்தோடு தயாராக நின்றாள். அவர் கேட்டதோ வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி. ஏறக்கூட வேண்டாமாம், படுத்தபடியே சத்தத்தைக் கேட்டால் போதுமாம்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு சீட் கார் வாங்கிய ஒரே பேங்க் ஆபீசர் அவராகத்தான் இருக்கும். ஊட்டியில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் வாங்கிய, கூரையில்லாத பச்சை நிற இங்கிலாந்து வண்டி. ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு பென்னலூர் வரை போய்த் திரும்புவதுதான் முப்பது வருஷமாக அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம். கடைசி இரண்டு வருஷமாக, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் அதன் இரண்டு கார்ப்பரேட்டர்களும் ஒழுகின. பெட்ரோல் நெடி பட்டதுமே அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும்.

தம்பி ஜனார்தனுக்கு கார் ஃபேக்டரியில் வேலை, எஞ்சின் செக்‌ஷனில். கார்ப்பரேட்டரைத் தூக்கிவிட்டு ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் போட்டால் நெடியும் இருக்காது, சாவியைத் திருப்பினால் போதும் என்றான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் இரண்டு மாடல்களை பிரிண்ட் எடுத்து வந்தான். ஒன்றில் வயரும் குழாயும் அப்பட்டமாகத் தெரியும். இன்னொன்று பார்வைக்கு அசல் பழைய கார்ப்பரேட்டரேதான், பித்தளை மூடி உட்பட. பெட்ரோலைப் பீச்சும் சமாச்சாரம் உள்ளே மறைந்திருக்கும். அப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் யோசித்தார். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை என்றாள் அம்மா.

"வெளியில பழசு, உள்ள புதுசு. இதையே வாங்கு. என் லங்ஸுக்கும் இப்படி ஒண்ணு கிடைக்குமான்னு அப்படியே கேட்டுடு" என்றார் கடைசியில்.

பழைய கார்ப்பரேட்டர்களை அனுப்பினால் அச்சு அசலாகப் பொருந்தும்படி செய்து தருவதாகக் கம்பெனிக்காரன் எழுதினான். எட்டு வாரம் ஆகும் என்றான். ஜனார்தன் இரண்டையும் கழற்றி, தெர்மகோல் வைத்துப் பேக் செய்து, அனுப்பியே விட்டான். ஃபேக்டரி லைனில் ஒரு பார்ட்டைக் கழற்றினால் பத்து நிமிஷத்தில் ஸ்டோர்ஸிலிருந்து இன்னொன்று வந்துவிடும். அதே பழக்கம். வீட்டில் ஸ்டோர்ஸ் கிடையாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இது பன்னிரண்டாவது வாரம், பார்சல் இன்னும் வரவில்லை.

ஜயஸ்ரீ பஞ்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் கன்னியப்பன் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். ஜனார்தனின் சட்டையெல்லாம் கிரீஸ்.

"அம்பாசடர் கார்ப்பரேட்டர் ஒண்ணு கொண்ணாந்தேன்மா" என்றான் கன்னியப்பன். "ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ண வச்சிகினு ஓடுன்னா எப்டி ஓடும்? பலகைய வெட்டி வச்சிக்கூட பாத்துட்டேன். எங்கியோ காத்து இழுக்குது. இப்ப பேட்டரியும் பூட்ச்சு."

"ஜனா, விட்டுடு. வந்து அவர் பக்கத்துல உக்காரு."

"எந்த மூஞ்சிய வச்சிண்டு உக்காருவேன்? நான்தானே கழட்டினேன்."

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரும்பி வந்தாள்.

அப்பாவின் மூச்சு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். ஜன்னலுக்கு வெளியே திடீரென்று ஒரு எஞ்சின் உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜயஸ்ரீ பாய்ந்து எழுந்து எட்டிப் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் நின்றது பச்சை வண்டியில்லை. ஜனார்தனின் வெள்ளைக் கார். கன்னியப்பன் அதன் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தான். கழற்றிய சைலன்சர் தரையில் கிடந்தது. உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தான் ஜனார்தன்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டார்.

"பிடிச்சுடுத்துப்பா" என்றாள் ஜயஸ்ரீ. தன் குரலே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இது அவனோடது." மூச்சு வாங்கியது. "சைலன்சரை எடுத்துட்டான். எனக்குத் தெரியாதா?"

அவர் விரல் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"நன்னா இருக்குன்னு சொல்லிடு."

அதற்குப் பிறகு மூன்று மூச்சு. மூன்றாவது உள்ளே போனது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள், வெகுநேரம். அம்மா கிண்ணத்தை எடுத்துத் துளசித் தீர்த்தத்தை அவர் வாயில் விட்டாள். அது கடைவாய் வழியே இறங்கித் தலையணையை நனைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஜனாவைக் கூப்பிடு" என்றாள், மெதுவாக.

வெளியே சத்தம் காதைக் கிழித்தது. எதிர் வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜயஸ்ரீ கார்க் கதவருகே போய் நின்றாள்.

"கேட்டாரா?" சத்தத்துக்கு மேல் கத்தினான் ஜனார்தன்.

"கேட்டார். நன்னா இருக்குன்னு சொல்லச் சொன்னார்."

"கண்டுபிடிக்கலையே?"

"இல்லை."

அவன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது. கன்னியப்பன் ஜயஸ்ரீயின் முகத்தைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமா?" என்றான் ஜனார்தன்.

சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ஓடட்டும்" என்றாள்.

ஜனார்தன் இன்னும் கொஞ்சம் மிதித்தான்.