இடது கை வளையல்கள்

இருபத்தாறு வருடமாக மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பெண்களுக்கு வளையல் போட்டுவிடுகிறேன். கையைப் பிடித்தாலே அளவு தெரிந்துவிடும். அடுத்தவர் கதையைத் துருவும் வியாதியும் இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது.

போன மாதம்தான் பக்கத்து ஊரான பண்டமாரானில் லோகேஸ்வரியின் வளைகாப்புக்குப் போய் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டு வந்தேன். பிரசவம் வரை கழற்றவே கூடாதென்று ரவாங்கிலிருந்து வந்த அவள் அம்மா பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நேற்று மதியம் புருஷன் கிஷனோடு கடைக்கு வந்தாள். வலது கை நிறைய வளையல். இடது கையில் ஒன்றுகூட இல்லை.

"என்ன புள்ள, குட்டிக்கரணம் போட்டியா?" என்று சிரித்தேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாக்கா," என்றான் கிஷன். "அதே கலர்ல போட்டுடுங்க. ஞாயித்துக்கெழம அவங்கம்மா வராங்க, பாத்தா கேப்பாங்க லா."

நான் அவளைத்தானே கேட்டேன்? வழுக்கி விழுகிறவள் இரண்டு கையையும் ஊன்றமாட்டாளா? வலது கையில் ஒரு வளையல்கூட விரிசல் விடவில்லையே. எனக்குக் குடைச்சல் தொடங்கிவிட்டது. அளவு பார்க்கிற மாதிரி இடது மணிக்கட்டைத் தொட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்பக்கம் நான்கு விரல் பதிந்து நீலம் பாரித்திருந்தது.

இந்தக் கையைப் பார்த்தா கேலி பேசினேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"கை வீங்கியிருக்கு தம்பி. பின்னாடி போயி சோப்புப் போட்டுத்தான் ஏத்தணும்."

"இங்கயே போடுங்கக்கா."

"போடுறப்ப ஒடஞ்சா புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. பரவால்லியா?"

அவன் நகர்ந்து வழிவிட்டான்.

பின்னறையில் குழாயைத் திறந்துவிட்டேன். "முறுக்குனானா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "மாசமானதுல இருந்துதான்க்கா. முன்னல்லாம் இப்படி இல்ல. என் ஃபோன்கூட அவர்கிட்டதான் இருக்கு."

என் ஃபோனை நீட்டினேன். "யாருக்குப் பேசணுமோ பேசு."

தண்ணீர்ச் சத்தத்துக்குள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அம்மா, ஞாயித்துக்கெழம வேணாம். இப்பவே வா. வளையல் கடைக்கு வா."

ரவாங்கிலிருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

"இன்னும் முடியலியா?" வெளியிலிருந்து கிஷன் கத்தினான்.

"கண்ணாடி தம்பி, அவசரப்பட முடியாது!" என்று நானும் கத்தினேன். கத்திக்கொண்டே பின்னறைக் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.