துவைத்த லைஃப் ஜாக்கெட்டுகள்

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டுத்தான் படகுக் குளத்துக்கு வருவார்கள். அந்த எண்ணெயெல்லாம் லைஃப் ஜாக்கெட்டில் வந்து சேரும். அதை ஒருதடவை முகர்ந்தவர்கள் மறுபடி போடச் சம்மதிப்பதில்லை. படகுப் பாதுகாப்புச் சங்கத்தார் ஆறு பேர், ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் கரையில் நின்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பயல் கேட்கவில்லை.

ஏழாவதாகச் சேர்ந்தவள் நிர்மலாதேவி. தென்காசியில் தையல் கடை வைத்திருக்கிறாள். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். “பொம்பளைக்கு தண்ணிக்கரையில என்ன சோலி?” என்று முகம் சுளித்தார் செயலாளர் ஆவுடைநாயகம். அவள் ஜாக்கெட்டுகளை வீட்டுக்கு அள்ளிப்போனாள். கொதிக்கிற சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, துவைகல்லில் அடி அடியென்று அடித்து, மணக்க மணக்கக் கொண்டுவந்தாள். அடுத்த வாரமே ஜனங்கள் கேட்டு வாங்கிப் போட்டார்கள். பாவூர்சத்திரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் பற்றி அவளையே வகுப்பெடுக்கச் சொன்னார் ஆவுடைநாயகம். நிர்மலாதேவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வகுப்பு நாளன்று காலையில் ஒரு ஜாக்கெட் கைதவறித் தண்ணீரில் விழுந்தது. மிதக்கத்தான் செய்தது, ஆனால் பாதி முங்கிக் கிடந்தது. இது ஏன் இப்படிக் கிடக்கிறது? படகோட்டி சுடலைராஜ் தன் ஜாக்கெட்டை அவளிடம் துவைக்கக் கொடுத்ததே இல்லை. எண்ணெய் நாறுகிற அந்த ஜாக்கெட்டை ஒத்துப்பார்க்கக் கெஞ்சி வாங்கி, அதில் இரண்டு செங்கல்லைக் கட்டி இறக்கினாள். அசையாமல் மிதந்தது. துவைத்ததிலும் இரண்டு செங்கல் கட்டினாள். குமிழி விட்டுக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது.

அதை வெளியே இழுத்துத் தையலைப் பிரித்தாள். உள்ளே இரண்டு விரல் கனம் இருக்க வேண்டிய நுரைப்பலகை அப்பளமாக நசுங்கி, துண்டு துண்டாகக் கிடந்தது. ஜாக்கெட்டை மிதக்க வைப்பதே அதற்குள் இருக்கும் காற்றுதான். அதைத் துவைகல்லில் அடித்து விரட்டியவள் அவளேதான்.

“அண்ணாச்சி, இதுல ஒண்ணுகூட ஆளைத் தாங்காது. படகை நிறுத்துங்க.”

ஆவுடைநாயகம் நசுங்கிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிறுத்திருவோம். புதுசும் வாங்கிருவோம். ஆனா பிள்ளைக வருதாங்க, அவங்ககிட்ட இதச் சொல்லாத. வெளிய தெரிஞ்சா, ஒன்னைச் சேர்த்ததே தப்புன்னு சங்கத்துல மத்தவங்க என்னை உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க. அப்புறம் நீ இங்கன நிக்க முடியாது.”

அவர் சொன்னது நிஜம்தான். அவளுக்கும் அந்தக் கரையை விட மனமில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கி, மணக்கிற ஜாக்கெட்டுகளை ஆசையாகத் தொட்டுப் பார்த்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. துவைத்ததில் பிரிக்காத ஒன்றையும் சுடலைராஜின் ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனாள்.

“இதுல எது முங்கும்னு சொல்லுங்க பாப்போம்.”

எல்லாரும் அழுக்கு ஜாக்கெட்டைக் காட்டினார்கள். அவள் செங்கல்லோடு இரண்டையும் இறக்கினாள். பிள்ளைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஏன், எப்படி என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். நுரைத்துண்டைக் காட்டி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், “துவைச்சுக் கெடுத்தது நான்தான்” என்றாள். ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

முன்னால் நின்ற அஃப்ரின் என்ற சிறுமி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், போன வாரம் நாங்க இங்க வந்தோம். என் தம்பி இந்த மாதிரி துவைச்சதுல ஒரு சின்ன ஜாக்கெட்டதான் போட்டிருந்தான். வாசமா இருக்குன்னு கழட்டவே மாட்டேன்னுட்டான்.”

“அவனுக்கு என்ன வயசும்மா?”

“ஆறு.”

நிர்மலாதேவி சிறுமியின் பக்கத்தில் போய், இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன ஒருதடவ கூட்டிட்டு வாம்மா. நான் பாக்கணும்.”