வெர்டெல் மகனுக்கு என் கையெழுத்து

வெர்டெலின் மகன் ஜெயிலுக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்பது என் கையெழுத்தில் நின்றது. வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால்தான் போட வேண்டும். அந்த மணிக்கட்டை உடைத்ததே அவள் மகன்தான்.

ஜனவரி மாதக் காலை அது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வடபகுதியில் எல்லோரும் செய்வதுபோல, உள்ளே சூடேறட்டும் என்று கார் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சாவியைக் காரிலேயே விட்டு இறங்காதீர்கள் என்று போலீஸ் வருடா வருடம் கத்தும், நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. முகத்தை மூடிய ஒருவன் வந்து கதவைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன், அவன் தள்ளினான், நான் விழுந்தேன், அவன் காரோடு போய்விட்டான். இரண்டே நாளில் காரோடு பிடித்துவிட்டார்கள். டவாரிஸ், இருபது வயது, நாலு வீடு தள்ளியிருக்கும் வெர்டெலின் ஒரே பிள்ளை. வெர்டெலும் நானும் சர்ச் பாடகர் குழுவில் இருபத்தைந்து வருடமாக அடுத்தடுத்து நிற்கிறவர்கள்.

என் மகன் ரோட்னியும் பத்தொன்பது வயதில் இதையேதான் செய்தான். அவன் தள்ளிய பெண்ணுக்கும் கைதான் உடைந்தது. அப்போது காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தினம் ஒரு துப்பாக்கிச் சத்தம். கறுப்பு ஜனங்களாகிய நாங்களேதான் வீதியில் இறங்கி, "தூக்கி உள்ளே போடு" என்று அட்டை பிடித்தோம். நானும் பிடித்தேன். பாஸ்டர் பேச்சைக் கேட்டு, நேர்மையாக நடந்தால் இரக்கம் காட்டுவார்கள் என்று நம்பி, என் பிள்ளையை நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். நீதிபதி பதினெட்டு வருடம் என்றார். பதினாலு முடிந்திருக்கிறது.

இப்போது வந்திருக்கும் அரசு வழக்கறிஞர் வேறு மாதிரி. கறுப்புப் பையன்களை அளவுக்கு மீறி உள்ளே தள்ளிவிட்டோம் என்று சொல்லியே தேர்தலில் ஜெயித்தவர். அடிபட்டவர் சம்மதித்தால் போதும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசி, ஒரு ஒப்பந்தம் எழுதி, ஒரு வருடம் அதன்படி நடந்தால் ஜெயில் கிடையாது. கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கு நல்ல காலம் வந்ததே என்று தோன்றவில்லை. வெர்டெலுக்கு வந்ததே என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சர்ச் நிலவறையில் மீன் பொரியல் விருந்து. அங்கேயும் இதே பேச்சுதான்.

"இப்படி ஒவ்வொருத்தனா விட்டா, நாளைக்கு நம்ம வீட்டுக் கதவையே கழட்டிட்டுப் போவானுங்க" என்றார் மூப்பர் ஓடிஸ்.

"அதே தப்பை வெள்ளைக்காரப் பையன் பண்ணா விளையாட்டுப் புத்தின்னு விடுவாங்க. அப்ப எங்க போச்சு உங்க வாய்?" என்றாள் அவர் அண்ணன் மகள் ஷனீஸ்.

"உன் கார் போகட்டும்டி, அப்ப வந்து பேசு."

"எங்கிட்ட கார் எங்க இருக்கு சித்தப்பா? பஸ்ஸைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் சாலட்டை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வெர்டெல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எர்லீன் அக்கா, உங்களைக் கெஞ்ச எனக்கு மூஞ்சி இல்ல."

"அப்பக் கெஞ்சாத."

"அவன் நேத்து சாப்பிடவே இல்லக்கா."

நேற்று சாப்பிடவில்லையாம்! என் மகன் பதினாலு வருடமாக என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதைச் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முடியாது என்று சொல்வதாக அப்போதே முடிவு செய்துவிட்டேன். சொல்லப்போனால் அன்று நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தின் மாடியறையில் ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்த வந்தவள் கிர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரப் பெண். எங்கள் இனத்துக்கு வரலாறு செய்த அநியாயத்தைப் பத்து நிமிடம் எங்களுக்கே விளக்கினாள். அதில் மட்டும் வெர்டெலும் நானும் ஒரு கட்சி. ஒருவரையொருவர் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

அடிபட்டவர்தான் முதலில் பேச வேண்டும் என்றாள் கிர்ஸ்டன். நான் வாயைத் திறப்பதற்குள் டவாரிஸ் முந்திக்கொண்டான்.

"பெரியம்மா, சத்தியமா அது நீங்கன்னு தெரியாது. தலையில துண்டு சுத்தியிருந்தீங்க."

"தெரிஞ்சிருந்தா?"

"தொட்டிருக்கவே மாட்டேன்."

"அப்ப வேற ஒருத்தியோட கை உடைஞ்சா பரவாயில்ல, அப்படித்தானே?"

அவன் காது மடல் நடுங்கியது. ரோட்னிக்கும் பயந்தால் அப்படித்தான் நடுங்கும். முடியாது என்று சொல்லத்தான் வந்திருந்தேன், சொல்லவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வெர்டெலின் மீது இருந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது. நான் இழந்ததை அவள் இழக்காமலே தப்புகிறாள், தப்பட்டும், ஆனால் கண்ணாலாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"எனக்குக் கை சரியில்ல. ரெண்டு மாசமா என் பையனைப் பார்க்கப் போகல" என்றேன். "மாசாமாசம் முதல் சனிக்கிழமை இவன் என்னைக் கார்ல ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு வருஷம். வெர்டெலும் கூட வரணும்."

"அம்மாவுக்கு நிபந்தனை போட விதி இல்லையே" என்றாள் கிர்ஸ்டன்.

"விதி கிடக்கட்டும்மா, நான் வர்றேன்" என்றாள் வெர்டெல்.

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் முதல் சனி. இரண்டரை மணி நேரப் பயணம். ஜெயில் பார்வையாளர் பட்டியலில் என் பெயர் மட்டும்தான், அதனால் அவர்கள் காரிலேயே இருந்தார்கள். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே போனேன். ரோட்னி வந்தான். முன்நெற்றி ஏறிவிட்டது என் பிள்ளைக்கு. நான் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவன் என்னை மெச்சுவான் என்று நினைத்தேன். அம்மா பெரிய மனசு உனக்கு என்பான் என்று, அந்த ஒரு வார்த்தைக்காக, வழி முழுக்கக் காத்திருந்தேன்.

அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த ஒப்பந்தம் எத்தனை பக்கம்மா?"

"ஒரே பக்கம்தான்."

"எழுதி முடிக்க எவ்ளோ நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவ்ளோதானா" என்றான். விரலால் மேசை ஓரத்தைத் தேய்த்தான். பிறகு மற்றதெல்லாம் பேசினோம், அவன் பல்வலி, சமையலறையில் அவனுக்குக் கிடைத்த வேலை, பாஸ்டரின் முட்டி அறுவை சிகிச்சை. காவலர் நேரம் முடிந்தது என்றார். கட்டிப்பிடிக்க அனுமதித்த அந்த ஒரு நிமிடத்தில் என் காதருகே சொன்னான்:

"அந்தப் பையனோட வராத, அடுத்த மாசம் பஸ்ல வாம்மா."