குணமாகிவிட்டதா என்று பார்க்க

வலது முழங்கையில் மூன்றாவது முறையாக வலி வந்தபோது, ஆறு வாரத்துக்கு எடையைத் தொடவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கறாராகச் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் ஊருக்கெல்லாம் வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிற, தெருவே பயில்வான் என்று கூப்பிடுகிற அந்த மனிதர், நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

ஐந்தாவது வாரம் வலி சுத்தமாக விட்டுப்போனது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. உண்மையிலேயே குணமாகிவிட்டதா என்று பார்க்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: கையைக் கெடுத்த அதே இருபது கிலோ டம்பெல்லைத் தூக்கி மடக்கிப் பார்ப்பது. முதல் இரண்டு முறையும் அப்படித்தான் பார்த்துக் கையைக் கெடுத்துக்கொண்டார். இப்போதும் ஜிம்முக்குப் போய்த் தூக்கினார். எட்டாவது மடக்கில் முழங்கைக்குள் சுளீரென்றது.

மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றார். மனைவி வந்து பேசாமல் போட்டுவிட்டாள். முன்பெல்லாம் வீடே அதிரத் திட்டுவாள்.

"ஏதாவது திட்டிடேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது? கையை நீட்டுங்க."

"ஆறு வாரம் சும்மா இருந்தா சரியாயிடும்."

"சரியாயிடும்," என்றாள் அவள், கடைசிப் பொத்தானைப் போட்டபடி. "அதாங்க எனக்குப் பயமா இருக்கு."