அனுப்பிவிட்டேன் என்று சொன்னவள்

பதினொரு வருஷமாக அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிப்பவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கமாக்காதான். டாக்டர் விட்ட இடத்திலெல்லாம் கமா போட்டுத் திருத்துவதால் ஒட்டிக்கொண்ட பெயர். ரத்தமோ, சிறுநீரோ, வெட்டியெடுத்த சதைத் துணுக்கோ, எதைப் பரிசோதித்தாலும் முடிவை அவள்தான் அடித்து கிளினிக்குகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். இத்தனை வருஷத்தில் ஒரு ரிப்போர்ட் ஆள் மாறிப் போனதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் புதன்கிழமை காலை மேனேஜர், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பொய் சொல்லாதீங்க" என்றார்.

"நான் ஏன் சார் பொய் சொல்லணும்? திங்கக்கிழமைலேர்ந்து எல்லாத்தையும் அனுப்பிட்டேன். பாருங்க, அனுப்பினதுல வரிசையா இருக்கு."

"அங்க ஒண்ணுகூட வரலையாம். மூணு கிளினிக்லேர்ந்து ஃபோன். மூணு பேரும் சேர்ந்து பொய் சொல்றாங்களா? அனுப்பின மாதிரி காட்டுறதுக்கு நீங்க ஏதாவது பண்ணியிருப்பீங்க."

ஏதாவது பண்ணியிருப்பாளாம்! அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அனுப்பாததை அனுப்பியதாகக் காட்டும் வித்தை தெரிந்தவள் எதற்கு இந்தக் கால் உடைந்த நாற்காலியில் வந்து குந்தப்போகிறாள்? ரத்தம் எடுக்கிறவர்கள் இருவர் தலையைக் குனிந்துகொண்டு ஊசிகளை எண்ணினார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே!

மேனேஜர் அதோடு விடவில்லை. மூன்று மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் விளக்கம் போகாவிட்டால் வேலை இருக்காது என்று குண்டைத் தூக்கிப் போட்டார். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். கோபத்திலும் கமா தப்பவில்லை. நோயாளிகளின் விவரம் வெளியே கசியக்கூடாது என்று திங்கட்கிழமை முதல் மேனேஜர் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தார். ரிப்போர்ட்டோ கடிதமோ, கடவுச்சொல் போட்டுப் பூட்டாமல் எந்தக் கோப்பும் போகக்கூடாது. அதன்படியே பூட்டி, பன்னிரண்டரை மணிக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். விளக்கம் வரவில்லையாம்.

"பாத்தீங்களா, அதையும் எழுதல" என்றார் மேனேஜர், கையும் களவுமாகப் பிடித்துவிட்டவர் போல. "இனி நான் எழுதிக்கிறேன்" என்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதுவும் நடிப்பு என்பார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துணிக்கடையில் வேலை பார்க்கும் தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

"ஏய், உன் ஃபோனுக்கு மெயில் அனுப்புறேன். வந்துச்சா வரலையான்னு மட்டும் சொல்லு."

முதலில் வெறும் ஒரு வரி அனுப்பினாள். வந்தது. அடுத்து தன் நாற்காலியைப் படமெடுத்து அனுப்பினாள்.

"வந்துச்சுக்கா. இதைப் போய் எதுக்கு எனக்கு அனுப்புற? விக்கிறியா?"

"பேசாம இருடி." அதே படத்தை ஒரு கோப்பில் வைத்துப் பூட்டி அனுப்பினாள். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. தங்கையிடம் பத்து நிமிஷமாகியும் வரவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கேடயம், 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று இளித்துக்கொண்டிருந்தது. வைரஸ் தடுப்பு. மேனேஜரின் மச்சினன், தன்னைத் தானே நிபுணர் என்று சொல்லிக்கொள்பவன், சனிக்கிழமைதான் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டுப் போனான். இன்றைக்குப் பிரிண்டர் பார்க்க வந்தவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனைக் கையோடு இழுத்து வந்தாள்.

"பூட்டின ஃபைலை அனுப்பினா நீங்க போட்ட அந்த வைரஸ் தடுப்பு என்ன பண்ணும்?"

"உள்ள பாக்க முடியாதுல்ல? புடிச்சு வச்சுக்கும்."

"புடிச்சா எங்களுக்குச் சொல்லாதா?"

"சொல்லும். திரையில பொட்டி பொட்டியா வந்து தொல்லை பண்ணுதுன்னு மாமா திட்டினாரு. நிறுத்திட்டேன்."

ஏதோ மின்விசிறியை நிறுத்தியதைப் போலச் சொன்னான். மூன்று நாளாக யாருக்கு என்ன வியாதி என்று தெரியாமல் எத்தனை பேர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்களோ! இங்கே ஒருத்தி பொய்க்காரியாகி நிற்கிறாள். இவன் நிறுத்திவிட்டானாம்!

"புடிச்சு வச்சதைத் திறங்க."

திறந்தான். எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிடிபட்ட நாற்பத்து மூன்று கடிதங்கள் தேதி, நேரத்தோடு ஒரே இடத்தில் வரிசையாகக் கிடந்தன. நாற்பத்திரண்டு அவளுடையவை, விளக்கமும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று இருபதுக்கு மேனேஜர் அனுப்பியது. தலைப்பு: 'தொடர்ந்து பொய் சொல்லும் ஊழியரை நீக்குவது குறித்து.'

அப்போது மேனேஜர் காதில் ஃபோனோடு வெளியே வந்தார். "சார், சத்தியமா அனுப்பிட்டேன் சார். போனதை என் கண்ணால பாத்தேன். எப்படி சார் வராம..." திரையைப் பார்த்தவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"இனிமே புடிக்காதேன்னு மாத்திட்டேன். இந்தப் பட்டனை அழுத்தினா மொத்தமும் போக வேண்டிய இடத்துக்குப் போயிடும்" என்றான் மச்சினன்.

"இருடா! என்னோடதை மட்டும் எடுத்துடு."

மவுஸில் அவள் கை இருந்தது. மேனேஜர் ஃபோனைப் பொத்திக்கொண்டு குனிந்தார். காலையில் கூடம் முழுக்கக் கேட்ட குரல் இப்போது அவளுக்கு மட்டும் கேட்டது. "நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம். மறந்துடுங்க கமாக்கா."

"பொய்னு எல்லார் முன்னாடியும்தானே சார் சொன்னீங்க?" கூடத்துக்கே கேட்கும்படி கேட்டாள். "மறைச்சு வைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. எழுதினது நீங்க. போகட்டும்."

அழுத்தினாள். வரிசை கீழிருந்து கரைந்தது. கடைசியாக அவருடையதும் போனது.

பொத்தியிருந்த கைக்குள்ளிருந்து தலைமை அலுவலகக் குரல் கணீரென்று வந்தது. "ஆங், இப்பதான் ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. அந்தம்மா பன்னிரண்டரைக்கே அனுப்பியிருக்காங்களே! அவங்க பொய் சொல்றாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்க. எதைங்க நம்புறது?"

ஊசி எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜரின் பதிலுக்காகக் கமாக்கா காத்திருக்கவில்லை. ரிப்போர்ட் வந்ததா என்று கேட்க முதல் கிளினிக்கின் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள்.