பீடத்தில் வைத்த கூண்டு

வியாழக்கிழமை மாலைகளில் ஆலயத்தின் பக்கவாட்டுக் கூடத்தில் நடந்த வகுப்புக்கு 'வேலையிடத்தில் விசுவாசம்' என்று பெயர். போதகர் அதை வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். முன்வரிசையில் சபை மூப்பர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலைக்கு அவர்தான் முதலாளி. கூடத்து நாற்காலிகள் அவர் வாங்கிப் போட்டவை. இடைவேளை பிஸ்கட்டும் அவர் தயவு.

கடைசி வரிசையில், கதவோரம், அவருடைய தொழிலாளி ஒருத்தி உட்காருவாள். தொழிற்சாலையில் அவளுக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். தகரத்தை அழுத்தி வெட்டும் பிரஸ்களில் அச்சு பொருத்துவது அவள் வேலை. எதையும் இரண்டு முறை அளப்பாள். அளந்த பிறகு, சரியாகத்தான் அளந்தோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு முறை அளப்பாள். "இவ மாப்பிள்ளையை அளந்து முடிக்கிறதுக்குள்ள அவனுக்குத் தலை நரைச்சிடும்" என்பது அவளுடைய அண்ணியின் கணிப்பு.

வகுப்பில் போதகர் சொன்னவை கெட்டவை அல்ல. நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும், புறம்பேசக் கூடாது, சிரித்த முகமாக இருக்க வேண்டும், மேலே உள்ளவர்களுக்கு மனமுவந்து கீழ்ப்படிய வேண்டும். கடைசி விஷயத்துக்கு முதலாளி தலையாட்டுவார். அளவுகோல் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் பெரிய பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றால் அதில் ஒன்றுகூடக் கைக்கு அகப்படாது.

பெரிய பிரஸ்ஸுக்கு ஒரு கூண்டு உண்டு. ஜன்னல் கதவு அளவுக்கு, இரும்புச் சட்டத்தில் வலை அடித்தது. தகரத்தை உள்ளே வைத்துக் கூண்டை இறக்கினால்தான் மேலச்சு விழும். கூண்டு திறந்திருந்தால் இயந்திரம் அசையாது. கை உள்ளே இருக்கும்போது அச்சு விழாமல் இருப்பதற்கு அந்த ஒரு ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் கூண்டை ஏற்றி இறக்கினால் வேலை தேங்குகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். கூண்டு மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்ப வைக்க, சுவிட்சை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டச் சொன்னார். கழற்றியதும் கட்டியதும் அளவுகோலின் கைகள்தான். சோதனை அதிகாரி வருகிற அன்று மட்டும் கூண்டு திரும்ப ஏறும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் இறங்கி, சரக்கறைக்குப் பின்னால் போய்ச் சாய்ந்துகொள்ளும்.

அந்த பிரஸ்ஸில் முன்பு வேலை பார்த்தவர் இப்போது மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் மேசையில் இருக்கிறார். எல்லோரும் அவரை எட்டரை என்று கூப்பிட்டார்கள். விரல்களை எண்ணி அந்தப் பெயரை வைத்துக்கொண்டவரே அவர்தான். "பத்துக்கு எட்டரை. பரீட்சைன்னா முதல் வகுப்பு" என்பார். சிரிக்காதவர்களை அவருக்குப் பிடிக்காது. சிரிப்பவர்களையும் அவ்வளவாகப் பிடிக்காது.

வகுப்பின் பலனாகத் தொழிற்சாலையில் ஒன்று மட்டும் மாறியது. தினமும் வேலை தொடங்குமுன் எல்லோரும் பெரிய பிரஸ்ஸின் முன் கூடி நிற்க, முதலாளி கண்ணை மூடி ஜெபித்தார். இந்தக் கைகளைக் காத்தருளும் என்று தவறாமல் கேட்டுக்கொண்டார். சபையைச் சேராத எட்டரையும் வந்து நிற்பார், ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு.

இந்த நிலையில்தான், திங்கட்கிழமை முதல் பெரிய பிரஸ்ஸில் அளவுகோலின் அண்ணி உட்காருவாள் என்று முடிவானது.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஏறக்குறைய பேச்சில்லாமல் வாழ்ந்தார்கள். லாரி ஓட்டும் அண்ணன் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் அவன் காதுக்காக இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அண்ணிக்குக் கை வேகம். அடுக்கும் மேசையில் அவளுக்கு ஈடு கிடையாது. பிரஸ்ஸுக்குப் போவது அவள் பல நாள் ஆசை. கூண்டு இல்லாமல் உட்கார வேண்டாம் என்று அளவுகோல் அடுப்படியில் மென்று முழுங்கிச் சொன்னபோது, அண்ணி பாத்திரத்தைக் கழுவி முடித்துத்தான் திரும்பினாள்.

"நான் உனக்குக் கீழேயே கிடக்கணும். அதானே?"

அளவுகோல் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள்.

முதலாளியிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. "உனக்கு விசுவாசம் பத்தாதும்மா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, அதைப் பற்றிப் போதகரிடம் பேசச் சொன்னார். வியாழக்கிழமை வகுப்பில் அவள் எழுந்து, முதலாளி செய்யச் சொல்வது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். முன்வரிசை நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. அவருக்காக ஜெபம் பண்ண வேண்டும் என்றார் போதகர். குறை சொல்லும் இருதயம் வேலையிடத்தில் சாட்சியாக இருக்க முடியாது என்றும் சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று வீடு போய்ச் சேரும்வரை மனம் அரித்தது.

அந்த ஞாயிறு ஆலயத்தில் 'கருவி ஆராதனை'. ஒவ்வொருவரும் தங்கள் தொழிலின் கருவி ஒன்றைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்க வேண்டும். போதகர் தொட்டு ஜெபிப்பார். அவர் ஒரு விதியும் வைத்திருந்தார். எதையும் ஆலயத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, எந்தப் பொருள் யாருடையதோ அவர் கையால் எடுத்து அது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அப்போதுதான் ஆசீர்வாதம் நிறைவேறும் என்று வகுப்பில் மூன்று வாரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தொழிற்சாலை சார்பில் ஒரு ஸ்பானரைக் கொண்டுவரும்படி முதலாளி அளவுகோலிடம் சொன்னார். நன்றாகத் துடைத்துக் கொண்டுவா என்றார்.

சனிக்கிழமை மாலை அவள் சரக்கறைக்குப் பின்னால் போய்க் கூண்டைத் தூக்கினாள். கேட்காரர் என்ன என்று கேட்டதற்கு, ஆலயத்துக்கு, முதலாளிக்குத் தெரியும் என்றாள். பாதி உண்மை. மறுநாள் காலை அதைப் போர்வையில் சுற்றி வாசல் தாண்டும்போது அண்ணி தலை வாரிக்கொண்டே பார்த்தாள்.

"எந்த வீட்டு ஜன்னலைக் கழட்டிட்டுப் போறே?"

பீடத்தின் முன் ஆசிரியையின் சாக்பீஸ் பெட்டி, முடிதிருத்துபவரின் கத்தரி, வண்டிச் சாவிகள், ஒரு செவிலியின் கைக்கடிகாரம் எல்லாம் வரிசையாக இருந்தன. முதலாளி கண்ணாடி போலத் தேய்த்த மூடி ஒன்றைச் சிவப்புத் துணியில் வைத்திருந்தார். அதன் பக்கத்தில் கூண்டை நிறுத்தினாள். துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக அது பாட்டுக்கு நின்றது. முதலாளியின் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். என்ன பேச வேண்டும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்தது அத்தனையும் அந்தக் கணமே பறந்துபோயிற்று.

போதகர் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு வந்தார். கூண்டின் முன் நின்று, இது என்ன என்று கேட்டார்.

"கூண்டுங்க ஐயா. பிரஸ்ல கை மாட்டாம இருக்கிறதுக்கு."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிரசங்கியார்களுக்கு இப்படி ஒரு பொருள் கையில் கிடைத்தால் விடமாட்டார்கள். வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, கர்த்தர் தம் பிள்ளைகளைச் சுற்றி வைத்திருக்கும் வேலி இதுதான் என்று ஆரம்பித்தார். பிறருடைய கைகளைக் காக்கிற எஜமான் பாக்கியவான் என்றார். இப்படி ஒரு பொருளை இங்கே அனுப்பிய நம் மூப்பருக்காக ஸ்தோத்திரம் என்றார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நடுவரிசையிலிருந்த அண்ணியும் சொன்னாள். சொல்லிவிட்டு, கூண்டையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து அவரவர் கருவியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கூண்டு மட்டும் நின்றது. போதகர் அளவுகோலைப் பார்த்து, எடுத்துக்கொள் மகளே என்றார்.

"அது என்னோடது இல்லைங்க ஐயா. முதலாளியோடது. அவர் கையாலதான் எடுத்துட்டுப் போகணும்."

வாசல் பக்கம் நகர்ந்தவர்கள் நின்றார்கள். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு வண்டி அனுப்புவதாகச் சொல்லி வெளியே நடந்தார்.

பின்னறைக்குள் அவளைக் கூப்பிட்டபோது போதகருக்கு விஷயம் தெரிந்திருந்தது. முதலாளி போனில் சொல்லியிருந்தார். என்னைப் பொம்மையாக்கி ஆட்டிவிட்டாய் என்று போதகர் குமுறினார். ஆலயத்துக்குள் சங்கம் நடத்துகிறாயா என்று கேட்டார். தன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"வகுப்புல எங்களை எப்படி இருக்கணும்னு சொன்னீங்க. நாங்க என்ன வேலை பார்க்கிறோம்னு நீங்க ஒரு நாளும் கேட்கலையே, ஐயா."

அவர் கதவைக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை பெரிய பிரஸ் கூண்டில்லாமல்தான் நின்றது. முதலாளி கண்ணை மூடினார். இந்தக் கைகளைக் காத்தருளும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அண்ணி சொல்லவில்லை, உட்காரவும் இல்லை.

"நேத்து ஒரு கூண்டுக்கு ஆமென் சொன்னேன். அது எங்கேங்க?"

"நாத்தனாரும் நீயும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"நாங்க பேசிக்கிட்டாதான் அதிசயம்" என்றாள் அண்ணி. அது ஊரறிந்த உண்மை என்பதால் பின்னால் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள்.

முதலாளி அவளைப் பழைய மேசைக்கே போகச் சொன்னார். வேறு ஆள் உட்காரலாம் என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோருக்கும் திடீரென்று தரையில் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கேட்காரர் ஓடிவந்து, போதகர் வந்திருப்பதாகச் சொன்னார்.

போதகர் கூண்டைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையில் துருக்கோடு விழுந்திருந்தது. அவர் முகத்தில் சிநேகம் துளியும் இல்லை. மாலையில் ஒரு அடக்க ஆராதனை இருக்கிறது, பெட்டி வைக்கிற இடத்தில் இது நிற்கிறது, வண்டி அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவில்லை என்று படபடத்தார். பேசிக்கொண்டே களைப்பில் பிரஸ்ஸின் விளிம்பில் கையை ஊன்றினார்.

"இதெல்லாம் வீண் பயம் ஐயா. இப்ப பாருங்க" என்று சொல்லி முதலாளி மிதியை மிதித்தார். மேலச்சு விழுந்தது. தரையின் அதிர்வு செருப்புக்குள் ஏறியது. போதகர் துள்ளிப் பின்வாங்கி, இரண்டு கைகளையும் அக்குளில் புதைத்துக்கொண்டார். அவர் கை இருந்த இடத்துக்கும் அச்சுக்கும் நல்ல தூரம் இருந்தது. ஆனால் அது அவருடைய கைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலாளி பாதி சிரிப்போடு திரும்பினார். எல்லோரும் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிதிக்கும்போது இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். இன்னும் அவிழ்க்கவில்லை.

"மூப்பரே" என்றார் போதகர், மெதுவாக. "நீங்க கையைப் பின்னால வச்சுக்கிட்டீங்களே."

முதலாளி கையை முன்னே கொண்டுவந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"எங்கே பிடிக்கணும்?" என்று போதகர் அளவுகோலைப் பார்க்காமல் கேட்டார். குரலில் எரிச்சல் அப்படியே இருந்தது.

அவள் காட்டினாள். அவர் சட்டத்தைத் தாங்கினார். எட்டரை விரல் குறைந்த கையை விரித்து ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தார். போதகர் அந்த உள்ளங்கையைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கச் சற்று நேரமானது. "பத்துக்கு எட்டரைங்க" என்றார் எட்டரை. போதகர் சிரிக்கவில்லை. அவரை எட்டரைக்குப் பிடித்துப்போனது போலிருந்தது. கடைசியாக அளவுகோல் சுவிட்சின் கம்பியை வெட்டி எறிந்தாள். கூண்டை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள், இன்னொரு முறை இறக்கினாள்.

"போதும், நகரு" என்றாள் அண்ணி.

மதியத்துக்குள் அச்சு பொருத்தும் வேலை அளவுகோலிடமிருந்து போயிற்று. எட்டரையின் பக்கத்தில், அடுக்கும் மேசையில் நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து நாள் முழுவதும் கூண்டு ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அண்ணி தட்டை ணங்கென்று வைத்தாள்.

"உன் ஜன்னலால என் கை வேகமே போச்சு. உனக்காகப் பேசினேன்னு நினைச்சுக்காதே. என் விரலுக்காகப் பேசினேன்."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். கூண்டின் திருகாணிக்குப் பொருந்துகிற ஸ்பானர் உள்ளே இருந்தது. கழற்ற வேண்டும் என்கிறவர் வந்து தன்னிடம் கேட்டு வாங்கட்டும் என்றாள்.

வியாழக்கிழமை மாலை அளவுகோல் கூடத்துக்குப் போனாள். போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்த பிறகுதான் போனாள். முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தது. போதகர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பலகையில் எழுதியிருந்ததைத் துடைத்தார். புதிதாக ஒன்றும் எழுதாமல், முடிதிருத்துபவரைப் பார்த்து, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நின்றபடி வேலை பார்க்கிறீர்கள், கால் வலித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் இதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லுங்கள் என்றார் போதகர்.

அன்று பிஸ்கட் இல்லை.