மாமாவோட ரத்த ரிப்போர்ட்

நிச்சயத்துக்கு வந்த வீட்டுல போனும் கையுமா நிக்கறேன்னு அத்தை ரெண்டு தடவை முறைச்சாச்சு. முறைக்கட்டும். மாமா, அதான் என் மாமனார் ராமப்பனோட ரத்த ரிப்போர்ட் இன்னைக்குக் காலைல வாட்ஸ்அப்புல வரணும். பதினோரு மணிக்குத் தட்டு மாத்தறாங்க. அதுக்குள்ள வந்தாகணும்.

கெலமங்கலத்துல பொண்ணு வீடு. மாப்பிள்ளை என் கொழுந்தன் மாதேஷ், பொண்ணு சௌமியா. தட்டு மாத்தினதும் மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமக பொண்ணுக்குப் பூ வைக்கணும். அது நான்தான். ஆனா கல்யாணமாகி ஆறு வருஷமா எனக்குக் குழந்தை இல்லை. பின்னாடி நில்லு, காவியா வைக்கட்டும்னுட்டாங்க அத்தை. காவியா என் நாத்தனார், ரெண்டு பிள்ளைக்காரி.

ஆறு வருஷமா ஊசி, மாத்திரை, விரதம் எல்லாம் எனக்குத்தான். போன மாசம் சண்டை போட்டுத்தான் என் வீட்டுக்காரர் பிரேம்குமாரை டெஸ்டுக்கு இழுத்துட்டுப் போனேன். ஆம்பளைங்களுக்கு மட்டும் உள்ள, அப்பன்கிட்டயிருந்து மகனுக்கு இறங்கற ஒய் குரோமோசோம்ல அவருக்கு ஒரு துண்டு காணோம்.

ஓசூர் டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. மத்த குரோமோசோமுக்கெல்லாம் ஜோடி இருக்குதாம், ஒண்ணுல பழுதுன்னா இன்னொண்ணைப் பாத்து சரி பண்ணிக்குமாம். ஒய்க்கு அப்படி ஜோடி கிடையாது. அதனால விந்துக்கு வேண்டிய ஜீனையெல்லாம் தனக்குள்ளயே ரெண்டு மூணு காப்பி எடுத்து வச்சிருக்குது. நாம மனுசனா ஆகறதுக்கு முன்னாடி, குரங்கா இருந்தப்பவே ஆரம்பிச்ச வேலை அது. எத்தனை காப்பிங்கறதுல சிம்பன்சிக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. காப்பியெல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கறதால சில நேரம் தப்பா ஒட்டிக்கிட்டு நடுவுல உள்ளது கழண்டு போயிடுமாம். காபந்துக்கு வச்சதே வினையாப் போச்சு, பாருங்க.

நான் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். ஒரு பீஸ்ல குறைன்னா அதே அச்சுல வந்த மத்த பீஸையும் நிறுத்திப் பாக்கணும். அதான் மாதேஷைப் பத்தி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவனை டெஸ்டுக்குக் கூப்பிடாமலே, அப்பாவைப் பாத்தா தெரிஞ்சிடும்னாங்க. அவருக்கு அந்தக் குறை இல்லைன்னா தம்பிக்குப் பயமில்லை. இருந்தா பசங்க எல்லாருக்கும் அப்படியே இறங்கியிருக்கும். சில பேருக்கு இள வயசுல பிள்ளை பொறக்குமாம், போகப் போகக் குறைஞ்சிடுமாம். சீக்கிரம் தெரிஞ்சா விந்தை எடுத்து உறைய வச்சுக்க வழி இருக்குது. மாமா ஒரு கேள்வி கேக்காம கையை நீட்டி ரத்தம் குடுத்தார்.

பத்தரைக்கு ரிப்போர்ட் வந்துச்சு. மாமாவுக்கும் அதே துண்டு இல்லை.

என் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். மூஞ்சி வெளுத்துப் போச்சு. கல்யாணம் முடியட்டும், இப்ப சொன்னா மானம் போயிடும்னார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆறு வருஷமா என் மானம் போனப்ப எங்க போயிருந்தார்? அந்தப் பொண்ணும் நாளைக்கு இதே மாதிரி பின்னாடி நிக்கணுமா?

கொல்லைப்பக்கம் மாதேஷைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.

"அண்ணி, எனக்கும் அந்தக் குறை இருக்குதா?"

"இருக்கும்பா. இப்பவே பாத்தா வழி இருக்குது. எனக்குத்தான் யாரும் சொல்லலை."

அவன் நேரா உள்ளே போய் சௌமியாகிட்ட பேசணும்னான். ரெண்டு பேரும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. கூடத்துல தட்டு வச்சது வச்சபடி இருக்குது. பதினொண்ணு அடிச்சு இருபது நிமிஷம் ஆச்சு. என்னடி பண்ணித் தொலைச்சேன்னு அத்தை என்னைப் பாக்கறாங்க. ஒரு கல்யாணத்தைக் கெடுத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

கதவு திறந்துச்சு. சௌமியா கண்ணு சிவந்திருந்தது. பூவோட நின்ன காவியாவைத் தாண்டி, என் முன்னாடி வந்து திரும்பி நின்னு ஜடையைக் காட்டினா.

"அக்கா, தட்டு அப்புறம் மாத்தட்டும். முதல்ல நீங்க பூ வைங்க."

அத்தை பதறி எழுந்தாங்க. என் வீட்டுக்காரர் அவங்க கையைப் பிடிச்சார்.

"குறை அவகிட்ட இல்லைம்மா. என்கிட்ட."

கூடம் மொத்தமும் கேட்டுச்சு. நான் பூவை வாங்கினேன். கொண்டை ஊசி மூணு தடவை தவறிச்சு, சௌமியா அசையாம நின்னா.